மருந்து பத்தாத வண்டி

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் வண்டியின் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் வாங்கிய நூறு சிசி வண்டி. அடிப்பக்கம் முழுக்கத் துரு தின்றிருந்தது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே தொட்டிலில் கிடக்கும் பிள்ளை உதறிக்கொண்டு விழிக்கும். அப்புறம் அவளைத் தூங்கவைக்க ஒரு மணி நேரம் ஆகும். நான் தினமும் நச்சரித்தேன்.

கம்பெனி சைலன்சர் வர ஒரு வாரம் ஆகும் என்று சிவகாசியில் சொன்னார்களாம். "ஒரு வாரம் பொறுத்துக்கயேன்" என்றார். முடியாது என்றேன். மறுநாளே வேறொரு கடையில், வெளியில் செய்த சைலன்சர் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பழையதைவிடக் குட்டை, வாய் அகலம், பளபளவென்று இருந்தது. குரல் மாத்திரம் கொஞ்சம் கனமாகக் கேட்டது. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முப்பது வயதுக்குப் பிறகு கிடைத்த விளையாட்டுச் சாமான்போல, வந்ததும் துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அந்த ஒரு வாரத்தை நான் பொறுத்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து அது வெடிக்க ஆரம்பித்தது.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் தெருவுக்குள் இறங்கும்போது, டப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு, டப் டப் என்று இரண்டு. வேறு ஊராக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஆமத்தூரில் நாங்கள் இருந்த தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போகிறவர்கள். வெடிச்சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்துப் பெண்கள் சத்தம் வந்த இடத்தைப் பார்ப்பதில்லை. வாசலுக்கு ஓடிவந்து வானத்தைத்தான் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று. முதல் நாள் ஆறேழு பேர் அப்படி அண்ணாந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

எதிர்வீட்டு அக்கா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவள். நெஞ்சில் கை வைத்தபடியே சிரித்தாள். "ஏத்தா, உம்புருசன் வர்றதுக்கு முன்னாடியே வெடி வந்துருதே. தீவாளிய ஒங்க வீட்லதான் மொதல்ல கொண்டாடுறீகளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கை நெஞ்சை விட்டு இறங்க நேரமானதை நான் பார்த்தேன்.

என் கணவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து கலப்பவர்களுக்கு மேற்பார்வை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பாதிப் பேருக்கு மாத்திரை ஞாபகம் வராது, வெடிக்குள் அடைக்கிற பொடிதான் ஞாபகம் வரும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"வெடிக்குதுன்னா மருந்து கூடிப்போச்சுன்னு அர்த்தம். பெட்ரோலக் கொறைக்கணும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. நான் விருதுநகரில் வேதியியல் படித்தவள். இருந்தும் சரி என்றே பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருடம் மருந்தோடு புழங்கிய மனிதர் சொல்கிறார், மருந்து அதிகமானால் வெடி பெரிசு, குறைந்தால் சிறிசு. இதில் தப்பு என்ன இருக்க முடியும்? மறுநாள் காலை ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரில் இருந்த சின்னத் திருகைப் பெட்ரோல் குறைகிற பக்கமாகத் திருப்பினார். பக்கத்தில் நின்று நான்தான் டார்ச் அடித்தேன்.

வெடி கூடியது. முன்பு பாலத்தில் மட்டும் வெடித்தது இப்போது மாதா கோயில் திருப்பத்திலும் வெடித்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தார். இன்னும் கூடியது. வண்டி கிளம்பும்போது தொண்டையில் சோறு சிக்கியதுபோல ஒரு நொடி திணறிவிட்டு ஓடியது. என்ஜின் பக்கம் காலை வைக்க முடியாத சூடு.

ஒரு நாள் மசங்கும் நேரம். கரண்ட் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பாலத்தடியில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார், இருட்டில் என்னைக் கவனிக்கவில்லை. பின்னால் இருந்து பார்த்தேன். அவர் ஆக்சிலரேட்டரில் கையை முறுக்குவதை நிறுத்தியதும் டப் என்றது, அதே நேரம் சைலன்சரின் வாயில் ஒரு விரல் நீளத்துக்குத் தீ வந்து மறைந்தது. மஞ்சளா நீலமா என்று சொல்லத் தெரியவில்லை. கண்ணைச் சிமிட்டியிருந்தால் தவறவிட்டிருப்பேன்.

அவருடைய வலது கால் சட்டை அந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தக் கால்சட்டையைத் துவைப்பவள் நான். அலசும்போது தண்ணீரில் வெள்ளிபோல மிதக்கும், வெடிமருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆலையில் கைகால் கழுவிவிட்டுத்தான் கிளம்புவார்கள், ஆனால் மடிப்புகளில், தையலில், பாக்கெட்டின் ஓரத்தில் அது இருக்கத்தான் செய்யும். சில நாள் அவர் பின்னால் கூட வேலை செய்யும் யாராவது ஏறி வருவார்கள். அவர்கள் உடம்பெல்லாம் பொடியாக இருக்கும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"தீயா? எங்கன?"

"சைலன்சர் வாயில. நான் கண்ணால பாத்தேங்க."

"வெளக்கு வெளிச்சம் எதுவும் பட்டிருக்கும்."

"கரண்டு இல்லியே."

அவர் கோபப்படவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு சிரித்தார். "ஒனக்கு எல்லாமே தீயாத் தெரியும். இங்க பாரு, வண்டிய அணைக்கச் சொல்லி ஆலைக்கிட்ட போர்டு வச்சிருக்கான்ல, அதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டுத்தான் போறேன். சீசன் முடியட்டும், பாப்போம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. தடுப்பூசி போட்ட அன்று பிள்ளைக்கு உடம்பு சுட்டதற்கு ஒரே பகலில் மூன்று தடவை நர்ஸம்மாவிடம் ஓடியவள் நான். பிள்ளை தூங்கும்போது மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பவள். அப்படிப்பட்டவள் தீயைப் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? படுத்தபிறகு எனக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே பார்த்தேனா, பயந்ததால் தெரிந்ததா? தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் பாலத்தைத் தாண்டினால் சாயந்தரம் பாலத்தில் டப் என்று கேட்கும்வரை எனக்கு எதுவும் தெரியாது. அந்தச் சத்தத்துக்குத்தான் பயந்தேன். அவர் வந்துவிட்டார் என்று சொன்னதும் அதே சத்தம்தான்.

மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கடை. மெக்கானிக்குக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒரு வண்டியின் அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். வண்டி இல்லாமல் வந்து நின்ற என்னைப் பார்த்து, "என்னக்கா, காத்து அடிக்கணுமா?" என்று கேட்டார். எதில் அடிக்கப் போகிறார் என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லண்ணே. எங்க வண்டி வெடிக்குது. அவுக சீசன் முடிஞ்சு பாக்கலாங்கிறாக."

போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"எப்ப வெடிக்குது? கைய முறுக்கும்போதா, விடும்போதா?"

"விடும்போது. பாலத்து எறக்கத்துல. முறுக்கும்போது வெடிக்காது, ஆனா மொதல்ல கொஞ்சம் திணறும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலைல ஸ்டார்ட் பண்ணதும் எப்படி இருக்கு?"

"காலைல நல்லாருக்கும். சோக் போட்டிருக்க வரைக்கும் நல்லா ஒரே சீராக் கேக்கும். சோக்க உள்ள தள்ளுனதும் திணற ஆரம்பிச்சுரும்."

"இதெல்லாம் அண்ணாச்சி சொன்னாகளா?"

"இல்லண்ணே. வீட்டுக்குள்ள இருந்து கேட்டது."

"எம்புட்டு நாளா?"

"சைலன்சர் மாத்துன நாலஞ்சு நாள்ள இருந்து."

"வண்டி ஓட்டுறவனே இம்புட்டுக் கவனிக்க மாட்டான்க்கா" என்றார். கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து என் காதும் கண்ணும் எதிலாவது மாட்டிக்கொண்டே இருந்தன. அது ஒரு வியாதி என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தத் தகரக் கடையில் அதற்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது.

"சோக்கு காத்தக் கொறச்சு பெட்ரோலக் கூட்டிக் குடுக்கும். அதப் போட்டா நல்லா ஓடுதுன்னா, வண்டிக்கு மருந்து பத்தலன்னு அர்த்தம்."

நான் குழம்பிப்போனேன். "மருந்து கூடிப்போச்சுன்னுதான அவுக பெட்ரோலக் கொறைச்சாக?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கொறைச்சாகளா? சரிதான் போ. பட்டாசுக்காரவுகளுக்கு எல்லாமே பட்டாசுதான்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். புதுச் சைலன்சருக்கு வாய் அகலம், புகை சுலபமாக வெளியே போய்விடும். புகை சுலபமாகப் போனால் என்ஜின் காற்றை அதிகமாக இழுக்கும். ஆனால் பெட்ரோல் வருகிற துளை, அதற்கு ஜெட் என்று பெயர், பழைய அளவிலேயே இருக்கிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் என்ஜினுக்குள் ஒழுங்காக எரியாது. எரியாமல் தப்பித்தது சுடச்சுட இருக்கிற சைலன்சருக்குள் போய் அங்கே எரியும். அதுதான் வெடி.

"அப்ப தீ வருமாண்ணே?"

"பாத்தீகளா?"

"பாத்த மாதிரி இருந்துச்சு."

"மாதிரி என்னக்கா மாதிரி. வரும்."

இந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டவள்.

வண்டியைக் கொண்டுவர என் கணவருக்கு நேரமில்லை, அவர் ஆறரைக்குக் கிளம்பிவிடுவார் என்றேன். மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு நான் வீட்டுக்கு வாரேன். இருட்டா இருக்கும்போதுதான் தீயப் பாக்க முடியும். அண்ணாச்சிகிட்டச் சொல்லி வைங்க."

நான் சொல்லி வைக்கவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்று சொன்னபிறகு மெக்கானிக் வந்தால் அது மரியாதையாக இருக்காது. இது சரியா என்று இரவெல்லாம் யோசித்தேன். சரி இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

காலையில் மெக்கானிக்கின் மொபெட் வந்து நின்றதும் என் கணவர் பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்தார்.

"என்னையக் கேக்காம எதுக்குக் கடைக்குப் போன?"

"கேட்டா வேணாம்பீகள்ல."

குழாயடியில் குடத்தோடு நின்ற எதிர்வீட்டு அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "தம்பி, வந்தவுகள உக்காரச் சொல்லு மொதல்ல. வெடி நின்னா எங்களுக்கும் நிம்மதி. இந்த ஒரு மாசத்துல என் ஆயுசு ரெண்டு வருசம் போச்சு."

தெருவே கேட்கும்படி சண்டை போட அவருக்கு மனமில்லை. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என் டார்ச்சின் வெளிச்சத்தில் என் கணவர் கையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது காப்பிப்பொடி நெறத்துல இருக்கணும்."

பிளக்கின் நுனி வெள்ளைவெளேர் என்று, சுண்ணாம்பு தடவியதுபோல இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலையில் ஒரு பொருளைச் சோதிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் நான் பார்த்தேன். யாரிடம் என்றில்லாமல், "புஸ்வாணம்" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"புஸ்வாணத்துல மருந்த எடவெளி விட்டு, கம்மியா அடச்சா பூக்காது, வெடிச்சுரும். அம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நான் இதுல கொறச்சுக்கிட்டே போயிருக்கேனே."

அதை அவர் என்னிடமே சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்திருக்காது. என் பேச்சை நம்பி அல்ல, தன் கையில் இருந்த பொருளைப் பார்த்து ஒத்துக்கொண்டார். அது போதும். எனக்கு வேண்டியது நான் ஜெயிப்பது இல்லை.

மெக்கானிக் கார்புரேட்டரின் அடியைத் திறந்து, ஒரு அரிசி அளவில் இருந்த பித்தளை ஜெட்டைக் கழற்றிவிட்டு, துளை கொஞ்சம் பெரிய இன்னொன்றைப் போட்டார். என் கணவர் திருப்பியிருந்த திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு மேலும் அரைச் சுற்று திருப்பினார். "அண்ணாச்சி பாலம் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து, வீட்டத் தாண்டினதும் கைய விடுங்க. அக்கா பின்னால நின்னு பாக்கட்டும். ஓட்டுறவருக்கு முதுகுல கண்ணு கெடையாதுல்ல."

நான் பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தெரு நடுவில் நின்றேன். அவர் போய்த் திரும்பி வந்து என்னைத் தாண்டினார். வண்டி திணறவே இல்லை. கையை விட்டதும் ஒரே ஒரு டப். மெல்லிசாக, கதவுத் தாழ்ப்பாள் விழுந்ததுபோல.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர்.

"தீ வரல. ஆனா ஒரு சத்தம் இருந்துச்சு" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

மெக்கானிக் ஈரத்துணியால் சைலன்சரின் வாயை அடைத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். என்ஜினும் குழாயும் சேரும் இடத்தில் கையைக் கொண்டுபோனார். அங்கே உஸ் என்று காற்று கசிந்தது. சைலன்சரை மாட்டிய கடையில் இடைவெளியை அடைக்கும் பழைய வளையத்தையே திரும்பப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அதன் வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் போகிறது. "அக்கா காது தப்பாது" என்று சொல்லிக்கொண்டே புது வளையம் ஒன்றைப் போட்டு முடுக்கினார்.

கிழக்கே நன்றாக வெளுத்துவிட்டது. மணி ஆறு இருபது. அவர் ஆறரைக்குக் கிளம்பினால்தான் ஏழரைக்கு முன்னால் ஆலையில் இருக்க முடியும். சீசன் நேரத்தில் போர்மேன் வராமல் மருந்து அறையைத் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது தடவை போய் வந்தார். நான் குனிந்து, அந்த வாயை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். கையை விட்டார். சத்தம் இல்லை. தீ இல்லை. வண்டி தானாக வேகம் குறைந்து, அக்காவின் வாசலில் நின்றது.

"இப்ப?" என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். சொல்ல வரவில்லை. அந்த நேரம் பார்த்து நான் கண்ணைச் சிமிட்டினேனோ? வெளிச்சம் வந்துவிட்டதால் தீ கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்குமோ? மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். மெக்கானிக் கருவிகளைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்திருந்தவர் கையை நிறுத்தினார்.

"சரியாப் பாக்கலைங்க" என்றேன். "இன்னொரு தடவ..."

சாப்பாட்டுத் தூக்கு கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது. என் கணவர் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அது ஆடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, காரணம் சொல்லவில்லை. ஒரு சலிப்பு இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. வண்டியைத் திருப்பி, பாலம் வரைக்கும் போனார். மெக்கானிக் என் பக்கத்தில் வந்து, நான் குனிந்ததுபோலவே முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். அவருக்கு அந்த வண்டி சரியாகிவிட்டது என்று தெரியும். என் கணவருக்கும் தெரியும். அந்தச் சுற்று வண்டிக்கானது இல்லை.

என்னைத் தாண்டும்போது அவர் வேகத்தைக் கூட்டி, நன்றாக முறுக்கி, பிறகு ஒரேயடியாகக் கையை விட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். இந்தத் தடவை சத்தமாகச் சொன்னேன்.

தூக்கை வாங்கி மாட்டிக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பினார். அன்றைக்கு அவர் கால் மணி நேரம் தாமதமாகப் போய் முதலாளியிடம் பேச்சு வாங்கினார் என்பது ரொம்ப நாள் கழித்து அவருடன் வேலை பார்ப்பவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவர் சொல்லவே இல்லை.